அத்தையின் கொலுவில் ஒரு கல்

திருத்தணி ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் முதல் காரியமாகத் தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக் கொள்வார்கள். நானும் போட்டுக் கொண்டேன். ஆனால் 365 படி ஏறுகிற உத்தேசம் அன்று எனக்கு இல்லை. மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "கே.ஜி.கண்டிகை பஸ் எங்கே நிற்கும்?" என்று விசாரித்தேன். முருகன் கோபித்துக் கொள்ளமாட்டான். சூரனோடு போட்ட சண்டையின் சினம் தணிந்து உட்கார்ந்த இடம் அல்லவா அது!

கே.ஜி.கண்டிகையில் என் அப்பாவின் அத்தை இருக்கிறாள். அப்பாவுக்கு அத்தை, ஆகையால் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்குமே அவள் அத்தைதான். எண்பது வயதைத் தாண்டியவள். அவள் கல்யாணமாகி வந்தபோது இந்தப் பிரதேசம் ஆந்திராவில், சித்தூர் ஜில்லாவில் இருந்தது. 1960-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தமிழ் நாட்டோடு சேர்ந்தது. "நான் வாசற்படியைத் தாண்டவில்லை. ராத்திரி ஆந்திராவில் படுத்தேன், கார்த்தாலே மெட்ராஸ் ராஜ்யத்தில் எழுந்தேன்" என்பாள் அத்தை. அடுத்த வீட்டம்மாளோடு இன்றைக்கும் தெலுங்கில்தான் பேச்சு. சண்டை மட்டும் தமிழில்.

நான் போனது நவராத்திரி சமயம். அத்தை வீட்டுக் கொலு பிரசித்தமானது. ஏழு படி. கீழே மணலைக் கொட்டித் திருத்தணி மலையையே கட்டியிருந்தாள். மலை அடிவாரத்தில், காவடி எடுக்கும் பொம்மைகளுக்கு நடுவில், உள்ளங்கை அளவு ஒரு கல் இருந்தது. சாம்பல் நிறம். ஆனால் விளக்கு வெளிச்சம் பட்ட இடமெல்லாம், யாரோ சின்னச் சின்னக் கண்ணாடிச் சதுரங்களைப் பதித்தாற்போல் பளிச், பளிச்சென்றது.

"இது என்ன அத்தை?"

"பேரன் கொண்டு வந்தது. ராஜஸ்தானத்தில் சுரங்கத்திலே வேலை பார்க்கிறானே, அங்கேயிருந்து. அஞ்சனக் கல்லாம். கொலு முடிஞ்சதும் இழைச்சுக் குழந்தைக்கு மை பண்ணப் போறேன்."

குழந்தை என்றது அத்தையின் கொள்ளுப்பேத்தியை. ஐந்து மாதம். ஊஞ்சலில் படுத்துத் தன் கால் கட்டை விரலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது. அதன் தாயார் அடுக்களை வாசலிலிருந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் பெண்களுக்குத் தெரியும். "நான் சொன்னால் எடுபடாது. நீங்களாவது சொல்லுங்களேன்!" என்ற பார்வை.

இதற்குள் அடுத்த வீட்டம்மாள் சுண்டலுக்கு வந்துவிட்டாள். அத்தை அன்று இன்னொரு பொருளையும் காட்சிக்கு வைத்திருந்தாள். பேரன் பெண்டாட்டிக்கென்று புதிதாக வாங்கிய ஈயச் சொம்பு. பழைய ஈயச் சொம்பு ஒன்று ஏற்கனவே உண்டு, அத்தையின் மாமியார் காலத்தது, இருநூறு ரசம் கண்டதோ இருபதினாயிரம் கண்டதோ. புதுசு அதற்கு வாரிசு. அடுத்த வீட்டம்மாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இதி தகரமா, ஸீஸமா?" என்று கேட்டாள்.

அத்தைக்கு வந்ததே கோபம்! "தகரமா? நான் போய்த் தகரத்தை வாங்குவேனா? சுத்தமான ஈயமாக்கும்!"

அந்த அம்மாள் கேட்டது நியாயமான கேள்வி. தெலுங்கிலே தகரம் என்றால் ரசச் சொம்பு செய்கிற வெள்ளீயம். ஸீஸம் என்றால் துப்பாக்கிக் குண்டு செய்கிற காரீயம். அவர்களுக்கு இரண்டு பேர், குழப்பமில்லை. நம் முன்னோர்களும் வெள்ளீயம், காரீயம் என்று பிரித்துத்தான் வைத்தார்கள். நாம்தான் முன்னால் இருந்த வெள்ளையையும் கறுப்பையும் உதிர்த்துவிட்டு, இரண்டையும் 'ஈயம்' என்று ஒரே பேரில் கூப்பிடுகிறோம். தகரம் என்ற சொல்லையோ எண்ணெய் டின்னுக்கும் கூரைக்கும் தானம் செய்துவிட்டோம்.

"அத்தை, மை இழைக்கிறதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். நான் இந்தக் கல்லைப் பற்றி நன்றாக விசாரித்துக்கொண்டு வருகிறேன்" என்றேன்.

"பத்திரிகையிலே எழுதறே, இதுகூடத் தெரியாதாடி?" என்றாள் அத்தை. ஆனால் கல்லைக் கொடுத்துவிட்டாள்.

* * *

தீபாவளி கழிந்து உதயப்பூர் பக்கம் ஒரு கட்டுரைக்காகப் போகவேண்டி வந்தது. கல் என் கைப்பெட்டியில். உள்ளங்கை அளவு கல்தான், தூக்கினால் கை தாழ்ந்தது. சாதாரணக் கருங்கல்லைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு கனம்.

உதயப்பூருக்குத் தெற்கே ஜாவர் என்று ஒரு இடம் இருக்கிறது. கத்தரிக்காய் வடிவத்தில் மண் குடுவைகள் செய்து, அவற்றைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சூளையில் வைத்து, அந்தக் காலத்திலேயே துத்தநாகத்தை ஆவியாக்கி வடித்த ஊர். பழைய குடுவைகளை அடுக்கிச் சுவரே எழுப்பியிருக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். எனக்கு வேலை வடகிழக்கே, ராஜ்புரா-தரீபாவில். ராஜ்சமந்த் ஜில்லாவில் இருக்கிறது. அத்தையின் பேரன் ஜீப்பை அனுப்பியிருந்தான்.

வழியெல்லாம் முள்ளுச் செடி, மக்காச்சோளக் கொல்லை, கல் அடுக்கிய வேலி. தலைக்கு மேல் முக்காடும் தண்ணீர்க் குடமுமாகப் போகும் பெண்களின் காலில் கட்டை கட்டையாக வெள்ளிக் காப்பு. திடீரென்று தரையிலிருந்து நீளமாக ஒரு குன்று எழுகிறது. அதன் முதுகெல்லாம் துருப்பிடித்த மாதிரி. செம்பழுப்பும் மஞ்சளுமாக அரித்துப் போன பாறை. கீழே உலோகக் கனி இருக்கிறது என்பதற்கு அடையாளம் அதுதான். உள்ளேயிருக்கிற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல், மழையும் காற்றும் பட்டுப் பட்டு இப்படி ஒரு துருத் தொப்பியாகிவிடுகிறது.

அந்தத் தொப்பியைப் பார்த்தே நம் நாட்டார் இங்கே தோண்டியிருக்கிறார்கள். நேற்று முந்தாநாள் அல்ல, 2,000 வருஷங்களுக்கும் முன்னால்! பாறைமேல் நெருப்பை மூட்டிச் சூடேற்றி, வெடிக்கச் செய்து, நூற்றுக்கணக்கான அடி ஆழம் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் முட்டுக்கொடுத்த மரச் சட்டங்கள் பிற்பாடு கிடைத்தபோது, அவற்றைக் கொண்டுதான் காலத்தைக் கணக்கிட்டார்கள். டார்ச் லைட் இல்லை, மின்விசிறி இல்லை. புகை சூழ்ந்த அந்தப் பொந்துக்குள் இறங்கியவனை வீட்டிலிருந்து எவளோ ஒருத்தி வழியனுப்பி இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மற்றபடி சுரங்கத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. தலையில் விளக்குள்ள தொப்பி வைத்தார்கள், இறக்கினார்கள், ஏற்றினார்கள். வயிறு கொஞ்ச நேரம் கழித்து வந்து சேர்ந்தது.

அதிசயம் மேலே, ஒரு சின்ன அறையில் இருந்தது. அங்கே நிலவியல் அதிகாரி ஒருவர், மைக்ராஸ்கோப்போடு குடித்தனம் நடத்துகிறார். அத்தையின் கல்லை நீட்டினேன்.

"ஸீஸா!" என்றார் பார்த்த மாத்திரத்தில். கே.ஜி.கண்டிகை அடுத்த வீட்டம்மாளின் ஸீஸம்தான் அங்கே ஸீஸா.

"அஞ்சனக் கல் என்கிறார்களே?"

அவர் சிரித்து, கல்லின் ஓரத்தைச் சின்னச் சுத்தியால் தட்டினார். உதிர்ந்த துணுக்குகள் எல்லாம் கற்கண்டுக் கட்டி மாதிரி சதுரம் சதுரமாக இருந்தன. "இப்படிச் சதுரமாக உடைந்தால் இது காலீனா. காரீயமும் கந்தகமும் சேர்ந்தது. உங்கள் அஞ்சனக் கல் வேறே, அது ஆன்டிமனியும் கந்தகமும். ஆனால் கடைத்தெருவில் சுர்மா என்று விற்கிறவர்கள் இதையேதான் பொடி பண்ணி விற்கிறார்கள். இரண்டும் சாம்பல், இரண்டும் பளபளப்பு. யார் கண்டார்கள்?"

வாசகிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். வெளி நாடுகளிலும் இங்கேயும் சுர்மாக்களைச் சோதித்தபோது, சிலவற்றில் பாதிக்கு மேல் காரீயக் கல்லாகவே இருந்திருக்கிறது. குழந்தை கண்ணைக் கசக்கும், அந்த விரலை வாயில் வைக்கும். உள்ளே போன காரீயம், சுண்ணாம்புச் சத்தைப் போல வேஷம் போட்டு எலும்பில் போய்க் குடியேறும். வளரும் மூளையைக் கெடுக்கும். 'இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை' என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அது மட்டுமா? சின்ன வயசில் தாயின் எலும்பில் சேர்ந்தது, அவள் கர்ப்பமாகும்போது மறுபடி ரத்தத்தில் கலந்து வயிற்றுக் குழந்தைக்கும் போகிறது. பாட்டி இழைத்த மை பேத்தியோடு நிற்காது!

* * *

அதிகாரி விஷயத்தை அத்தோடு விடவில்லை. "காலீனாவும் அஞ்சனமும் வேறே வேறே என்றேன். இரண்டும் ஒன்றாகக் கலந்து பிறந்த கல்லும் உண்டு. அதற்கு உலகத்திலேயே முதல் விலாசம் எங்கள் ஊர்தான், தெரியுமா?" என்றார், பெண்ணைப் பற்றிப் பேசும் தகப்பனார் போல.

அந்தக் கல்லின் பெயர் ராயைட். 1983-இல் இந்திய விஞ்ஞானிகளும் சோவியத் விஞ்ஞானிகளும் சேர்ந்து தரீபாக் கனிகளை ஆராய்ந்து, 'இது இதுவரை யாரும் பார்க்காத தாது' என்று அறிவித்தார்கள். கல்கத்தா பிரெஸிடென்ஸி காலேஜில் தாதுவியல் அறிஞராக இருந்த சந்தோஷ் ராயின் பெயரைச் சூட்டினார்கள். இந்த ஜாதிக் கற்களுக்குப் பொதுவாக ஸல்ஃபோஸால்ட் என்று பெயர். அதாவது கந்தக உப்பு. உப்பு என்றதும் ஊறுகாய் ஜாடியை எடுத்துவிடாதீர்கள். ஒரு உலோகம், அதோடு ஆன்டிமனி போன்ற அரை உலோகம் ஒன்று, இரண்டையும் கட்டிப் போடக் கந்தகம், இந்த மூன்றும் சேர்ந்தால் அந்தப் பெயர்.

ராயைட்டின் 'பக்குவம்' இது: காரீயம் 8 பங்கு, ஆன்டிமனி 8 பங்கு, கந்தகம் 21 பங்கு, வெள்ளியும் தாலியமும் சேர்ந்து 2 பங்கு. அணுக்களை எண்ணிச் சொன்ன கணக்கு. நிறுத்துப் பார்த்தால் கிட்டத்தட்டப் பாதி காரீயமாகத்தான் இருக்கும். தாலியம் என்பதை நாம் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். கேள்விப்படாமலிருப்பதே நல்லது. எலி பாஷாணமாக உபயோகித்து, மனிதர்களும் சாக ஆரம்பித்ததால் பல நாடுகளில் தடை செய்த விஷம்.

"இப்படி எல்லாம் எப்படி ஒன்று சேர்ந்தது?" என்று கேட்டேன்.

அவர் பெரிய பாஷையில் விளக்கினார். நான் அதை அடுக்களைப் பாஷையில் சொல்கிறேன். மைசூர் பாகு கிளறியிருக்கிறீர்கள் அல்லவா? மாவும் சர்க்கரையும் நெய்யும் ஒன்றாகச் சேர்ந்து வரும். இன்னும் கொஞ்சம் சூடேறிப் பக்குவம் வந்ததும், நெய் மட்டும் கக்கிக்கொண்டு ஓரத்திலே ஒதுங்கும். தரீபாவின் கனிப் பாறை சுமார் 180 கோடி வருஷங்களுக்கு முன்னால் உண்டானது. பிறகு பூமி அதை உள்ளே இழுத்து, அழுத்தி, 500 டிகிரிக்கும் மேலே அடுப்பேற்றியது. காலீனா உருக 1,100 டிகிரி வேண்டும், அது அசையவில்லை. அஞ்சனக் கல்லோ 550 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே ஆன்டிமனி, வெள்ளி, தாலியம் முதலிய இளகின சுபாவக்காரர்கள், கொஞ்சம் காரீயத்தையும் கூட்டிக்கொண்டு, நெய் மாதிரி கக்கி வந்து பாறையின் இடுக்குகளில் ஒதுங்கினார்கள். அங்கேயே ஆறி உறைந்தார்கள். அப்படி ஒதுங்கிய துளிகளில் ஒன்றுதான் ராயைட். விஞ்ஞானிகள் தரீபாவைப் பற்றிச் சொன்ன விளக்கம் இது. மைசூர் பாகு உபமானம் மட்டும் என் சொந்தச் சரக்கு.

"எனக்கு ராயைட்டைக் காட்டுங்களேன்!"

அவர் பளிங்குபோல் மெருகேற்றிய ஒரு கல் வில்லையை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். குனிந்து பார்த்தேன். வெள்ளையாக ஒரு மைதானம், அதில் குட்டிக் குட்டி முக்கோணக் குழிகள். அந்த முக்கோணம் காலீனாவின் கையெழுத்தாம். அதன் ஓரத்தில், அதே வெள்ளையில் ஒரு மாற்றுக் குறைவாக, மெல்லிய சில திட்டுகள். "வித்தியாசம் தெரிகிறதா?" என்றார். தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் ஒரு குமிழைத் திருகி வெளிச்சத்தை மாற்றினார். வில்லையைச் சுற்றினார். காலீனா மைதானம் அப்படியே இருண்டு கிடந்தது, எவ்வளவு சுற்றினாலும் இருட்டுதான். அந்தத் திட்டுகள் மாத்திரம் ஒளிர்ந்து மங்கி, ஒளிர்ந்து மங்கி, கண் சிமிட்டின!

"ஆகா, ராயைட்!" என்றேன்.

"அவசரப்படாதீர்கள். ஸல்ஃபோஸால்ட் என்று மட்டும்தான் சொல்லலாம். மெனகினைட், ஓவைஹீயைட் என்று இதற்கு இங்கேயே ஒன்றுவிட்ட சகோதரிகள் பல பேர். எல்லாம் ஒரே முகஜாடை. எலெக்ட்ரான் கருவியில் வைத்து, ஒவ்வொரு தனிமமும் எத்தனை பங்கு என்று அளந்தால்தான் இன்னார் என்று சொல்ல முடியும். நான் இருபது வருஷமாகப் பார்க்கிறேன். கண்ணால் பார்த்துச் சொல்லும் துணிச்சல் இன்னும் வரவில்லை."

ராயைட்டால் என்ன உபயோகம் என்று கேட்டீர்களானால், அந்தத் துளிக்கு ஒன்றுமில்லை. கடையில் விற்காது, மோதிரத்தில் பதிக்க முடியாது. ஆனால் அதன் குடும்பத்தாரிடம் இருக்கிற வெள்ளி சாமானியமல்ல. இந்தியாவில் பூமியிலிருந்து தோண்டியெடுக்கும் வெள்ளியில் மிகப் பெரும்பங்கு இந்த ராஜஸ்தான் சுரங்கங்களிலிருந்துதான் வருகிறது, காரீயத்தைக் காய்ச்சும்போது கூடவே பிரித்தெடுப்பது. நம் வீட்டுக் குழந்தையின் கொலுசு தரீபாவிலிருந்து வந்ததாகவே இருக்கலாம்.

"உங்கள் தமிழ் நாட்டிலும் காரீயக் கனி உண்டே, மாமண்டூரில்!" என்றார் அவர் விடைகொடுக்கும்போது. பழைய தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்த அந்த ஊரில் துத்தநாகம், காரீயம், செம்பு மூன்றும் கலந்த பாறை இருக்கிறது. ராஜஸ்தானத்தில் உட்கார்ந்து ஒருவர் எனக்கு அதைச் சொல்லவேண்டியிருந்தது.

ரயிலில் திரும்பும்போது அவர் சொன்ன ஒரு வார்த்தை காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. இருபது வருஷம் பழகியவருக்கே கண்ணால் பார்த்துச் சொல்லத் துணிச்சல் இல்லை. நாமோ, கடைக்காரர் 'சுத்த ஈயம்' என்றால், ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு வருகிறோம். அந்தப் புதுச் சொம்பு!

* * *

டிசம்பர் 31-ஆம் தேதி மறுபடி திருத்தணி. படித் திருவிழா. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, பாடிக்கொண்டே ஜனங்கள் ஏறுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாளாக 365 படி அல்லவா? இந்தத் தடவை நானும் ஏறினேன். அதற்கு முன்பே அத்தையின் இரண்டு சொம்புகளையும் சென்னைக்குத் தருவித்து, ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்திருந்தேன். ரிப்போர்ட் என் கைப்பையில் இருந்தது.

அத்தை கூடத்தில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். "படி" என்றாள்.

மாமியார் காலத்துச் சொம்பு உத்தமம். சுத்த வெள்ளீயம். புதுச் சொம்பில் வெள்ளீயத்தோடு காரீயமும் கணிசமாகக் கலந்திருந்தது. காரீயம் வெள்ளீயத்தை விட மலிவு. உருக்கி வார்க்கச் சுலபம். கலந்தால் நிறம் மாறுவதில்லை. ரசத்தின் புளிப்பு அதைக் கரைத்துக்கொண்டு இலைக்கு வரும்.

"பழைய நாளிலே காகிதத்திலே தேய்ச்சுப் பார்ப்போம், கறுப்பாக் கோடு விழுந்தா காரீயம்னு. மெல்லிசுக் கம்பியா வளைச்சா வெள்ளீயம் கிறீச்சுனு அழும், காரீயம் அழாது. நான் தேய்ச்சுப் பார்த்தேனே, கோடு விழலையே?" என்றாள் அத்தை.

வாஸ்தவம். தனிக் காரீயமாக இருந்தால் கோடு விழும். கலப்பு அவ்வளவு லேசில் தன்னைக் காட்டிக் கொடுப்பதில்லை. சொம்பை வாங்கிய கடையின் ரசீது இல்லை. கடைப் பையன் சொன்ன 'சுத்தம்' என்ற வார்த்தைதான் ரசீது. இனிமேல் ஈயச் சொம்பு வாங்குகிறவர்கள், வெள்ளீயம் எத்தனை சதவிகிதம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் ஈயச் சொம்பு இல்லாமலே ரசம் வையுங்கள். மணம் ஒரு மாற்றுக் குறையும், அவ்வளவுதான்.

அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஊஞ்சலில் குழந்தை இப்போது குப்புறக் கவிழ்ந்து, தலையைத் தூக்கி அவளையே பார்த்தது. கண்ணில் மை இல்லை. விளக்கெண்ணெய்த் திரியில் பிடித்த கரியால், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு மட்டும்.

"இவ அம்மா அன்னிக்கே சொன்னா, டாக்டர் கண்ணுக்கு ஒண்ணும் போடக்கூடாதுன்னாராம். நான் கேட்டேனா?" என்றாள் அத்தை, அடுக்களைப் பக்கம் திரும்பி, சற்று உரக்க. அடுக்களையிலிருந்து பதில் வரவில்லை. ஆனால் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது.

காலீனாக் கல்லை இரண்டு காகிதத்தில் சுற்றி, கொலுப் பெட்டியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தாள். மேலே பென்சிலால், 'காரீயக் கல். பார்க்க மட்டும்' என்று எழுதினாள். கையை சோப்புப் போட்டு அலம்பினாள். புதுச் சொம்பு பரண் ஏறிற்று. அதன் கழுத்திலும் ஒரு சீட்டு.

பிறகு எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கொல்லைப்புறச் சுவரோரம் போனாள். அடுத்த வீட்டம்மாளைக் கூப்பிட்டாள். நவராத்திரியிலிருந்து பாக்கி வைத்திருந்த பதிலைத் தெலுங்கிலேயே சொன்னாள்:

"தகரம் காதம்மா! ஸீஸமே!"